ஜெனரலின் சாப்பாட்டு வாசல்

தங்கராசா அண்ணையும் நானும் சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு முன்னறை, எனக்குப் பின்னறை. அவர் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். நான் குளிர்சாதனக் களஞ்சியமொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இரண்டு பேருக்கும் ஓய்வு ஒத்துவருகிற சனிக்கிழமை மத்தியானங்களில் குசினியில் சந்திப்போம். அவர் மீன் வெட்டுவார், நான் வெங்காயம் உரிப்பேன். ஜெனரல் ஹார்க்னஸைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அந்த மத்தியானங்களில்தான். ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஒரு கிழமை கொஞ்சம், அடுத்த கிழமை கொஞ்சம். சில கிழமை ஒன்றுமில்லை.

வன்னியில் தங்கராசா அண்ணை சங்கக் கடை மனேச்சராக இருந்தவர். கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற, கூப்பனுக்கு அரிசி, மா, சீனி கொடுக்கிற கடை. பொருளாதாரத் தடை இருந்த காலம். லொறி வருமா வராதா என்று ஒருவருக்கும் தெரியாது. சனம் விடியவே வந்து வாசலில் நிற்கும். சண்டை நெருங்கிச் சனம் இடம்பெயர்ந்தபோது கடையும் கூடவே பெயர்ந்தது. உழவு மெசினில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர், அங்கிருந்து அதற்கடுத்த ஊர். கடைசியில் கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே ஒரு தறப்பாளுக்குக் கீழே தராசு மட்டும் மிஞ்சியது. அதை அங்கேயே விட்டுவிட்டு வட்டுவாகல் பாலத்தால் நடந்து மறுகரைக்கு வந்தார்.

மறுகரையில் ஆமிக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் ஐந்தாறு சொல். வா. போ. இரு. கை தூக்கு. தமிழ் தெரியாதவன் வாயில் அந்தச் சொற்களைக் கேட்பது தனி மாதிரி என்பார் அவர். "எங்கட சொல்லுத்தான். ஆனா எங்கட வீட்டுக் கத்தியை வேற ஆரோ பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி."

பிறகு முள்ளுக்கம்பி முகாம். அங்கே பக்கத்துக் கூடாரத்தில் இருந்த சிவசோதியை, வெளியே விட்ட பிறகு கலியாணம் செய்தார். கஜந்தி பிறந்தாள். விசாரணைக்கு வரச்சொல்லி ஆட்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கிய ஆண்டில் அவர் படகேறினார். கிறிஸ்மஸ் தீவு, தடுப்பு முகாம், பிறகு சிட்னி. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. மேன்முறையீடும் மறுக்கப்பட்டது. பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிகக் கடுதாசியைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கோழித் தொழிற்சாலையில் நின்று, பின்பு ஒரு சான்றிதழ்ப் படிப்புப் படித்து, இந்த முதியோர் இல்லத்து வேலைக்கு வந்தார். கஜந்திக்கு இப்போது பதினான்கு வயது. அப்பாவைக் கைத்தொலைபேசித் திரையில்தான் தெரியும்.

வேலையில் அவருக்கு நல்ல பெயர். கிழவர்களை அவசரப்படுத்த மாட்டார். அது பொறுமையா களைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேஜர் ஜெனரல் டெஸ்மண்ட் ஹார்க்னஸ் அந்த இல்லத்துக்கு வந்தபோது அவருக்குத் தொண்ணூற்று நாலு வயது. பிரிட்டிஷ் இராணுவத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு, சிட்னியில் எப்பிங்கில் இருக்கும் மகள் ஹெலனிடம் வந்து சேர்ந்தார். ஹெலன் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அப்பாவின் மறதி நோய் தன் கைக்கு அடங்காமல் போனபோதுதான் இங்கே கொண்டுவந்து விட்டாள். அறைச் சுவரில் படங்களை அவளே மாட்டினாள். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நாடு. எல்லாவற்றிலும் அதே நிமிர்ந்த மனிதர், தோளில் மட்டும் பட்டிகள் கூடிக்கொண்டு போயின.

மறதி அவருடைய உத்தியோகத்தைப் பின்னாலிருந்து தின்றது என்று தங்கராசா அண்ணை சொன்னார். முதலில் சிட்னி போனது. பிறகு மனைவி இறந்தது மறந்துபோனது, பிறகு மனைவியே மறந்துபோனாள். ஒரு மாதம் முழுக்க அவர் ஏடனில் இருந்தார். யன்னலுக்கு நேரே நிற்க மாட்டார், எதிர்க்கட்டட மொட்டைமாடியில் ஆள் இருக்கிறான் என்பார். அடுத்து சைப்பிரஸ். அதற்கும் பின்னால் போய்க் கென்யா. அந்த நாட்களில், குளிக்க வார்க்கிறவர்களிடமும் மருந்து கொடுக்கிறவர்களிடமும் திரும்பத் திரும்பப் பெயர் கேட்டார். சொன்ன பெயரை நம்பவில்லை. உண்மையான பெயரைச் சொல் என்று மேசையில் தட்டினார்.

ஒவ்வொரு நாடாக வரும்போது ஹெலன் விளக்கம் சொன்னாள். "அப்பா போன எல்லா இடத்திலும் மெடல் வாங்கினார்" என்று ஒருநாள் சொன்னாள். "எல்லா இடத்திலும் கடைசியில் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு வந்தார்கள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. வென்றால் ஏன் வீட்டைக் காலிசெய்கிறோம் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்."

குளிர்காலத்தில் கென்யாவும் போய்விட்டது. மிஞ்சியது மலாயா மட்டும்.

ஒரு காலை தங்கராசா அண்ணை ஜெனரலைக் குளிப்பாட்டுவதற்காகக் கதிரையில் இருத்தி, முழங்காலில் நின்று காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே குரல் கேட்டது.

"கை தூக்கு."

தமிழ். தங்கராசா அண்ணையின் இரண்டு கைகளும் மேலே போயின. காலுறை ஒரு கையில் தொங்கியது. அப்படியே முழங்காலில் நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அரிசி எங்கே?" என்று ஜெனரல் கேட்டார்.

"தம்பி, நான் அந்தக் கேள்வியை வாழ்க்கையில எத்தினை தரம் கேட்டிருப்பன்" என்றார் தங்கராசா அண்ணை, மீனின் செட்டையை வெட்டியபடி. "சங்கக் கடை வாசல்ல ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்பினம். இப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை."

அன்று பின்னேரம் ஹெலன் வந்தபோது அவர் விசாரித்தார். அவள் ஆச்சரியப்படவில்லை. அப்பா முதன்முதல் போன சண்டை மலாயா, அப்போது அவருக்கு இருபத்தொரு வயது என்றாள். காட்டுக்குள் கெரில்லாக்கள் இருந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களும் பக்கத்துச் சீனர்களும் அவர்களுக்குச் சோறு கொடுத்துவிடுவார்கள் என்று இராணுவம் நினைத்தது. அதனால் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளான லயன்களை ஒன்றாகக் குவித்து முள்ளுவேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அரிசி எடுத்துப் போகாதபடி வேலி வாசலில் சோதித்தார்கள். அந்த வாசலில் நின்ற இளம் அதிகாரி அவளுடைய அப்பா. ஒரு கங்காணியிடம் கொஞ்சம் தமிழ் படித்தார்.

"எனக்குச் சின்ன வயதில் அந்தத் தமிழைச் சொல்லிக் காட்டுவார்" என்றாள் ஹெலன். "வேடிக்கையாக இருக்கும். சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதேயில்லை."

தங்கராசா அண்ணை அர்த்தத்தைச் சொல்லவில்லை. இல்லத்தை நடத்துகிற முகாமையாளரிடம் போய், ஜெனரலை வேறு யாருக்காவது மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். ஆள் இல்லை என்றார் முகாமையாளர். அது பொய்யுமில்லை. அந்தக் குளிரில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள்.

அதற்கடுத்த கிழமைதான் சாப்பாட்டு வாசல் தொடங்கியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் சாப்பாட்டறைக்குக் கூட்டிப்போவார்கள். ஜெனரல் தன் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, கதவு நிலையில் குறுக்கே நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை, ஒருவரையும் உள்ளே விடவுமில்லை. பின்னால் சக்கரக் கதிரைகள் வரிசையாக நின்றன. ஒரு கிழவி பசிக்கிறது என்று அழத் தொடங்கினாள். தாதிமார் கெஞ்சிப் பார்த்தார்கள், கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பிடித்தவரை அவர் தள்ளினார். சூப் ஆறிப்போனது.

தங்கராசா அண்ணைக்குக் காரியம் விளங்கியது. வேறு ஒருவருக்கும் விளங்க வழியில்லை. அவர் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

ஜெனரலின் முகம் தெளிந்தது. நடுங்குகிற கைகளால் தங்கராசா அண்ணையின் சட்டைப் பையைத் தட்டினார். இடுப்பைத் தடவினார். குனிய முடியாததால் முழங்காலுக்கு மேலே நிறுத்திக்கொண்டார். "அரிசி இல்லை?" என்று கேட்டார்.

"இல்லை, துரை."

"சரி. போ."

தங்கராசா அண்ணை உள்ளே போனார். ஜெனரல் கடமை முடிந்த ஆளாக வாசலை விட்டு விலகி, தன் கதிரையில் போய் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவர்களை அவர் சோதிக்கவில்லை.

அன்றிலிருந்து தங்கராசா அண்ணைக்கு வேலையுள்ள ஒவ்வொரு நாளும் இது நடந்தது. யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. அப்படிச் செய்தால் சாப்பாடு நேரத்துக்கு முடிந்தது, அவ்வளவுதான்.

அங்கே தாரிணி என்று கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருத்தி பொறுப்புத் தாதியாக இருந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்குமே. இரண்டாம் நாளே அவரை மருந்தறைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவர் என்ன பேசறார்னு எனக்குப் புரியுது. நீங்க ஏன் கைய தூக்கறீங்க?"

"கெதியா முடியும், பிள்ளை."

"முடியட்டும். ஆனா அதுக்குன்னு இப்படியா? உங்களைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு. நான் ரிப்போர்ட் எழுதறேன். டாக்டர்கிட்ட சொல்லி மருந்தைக் கூட்டச் சொல்றேன்."

"மருந்தைக் கூட்டினா அவர் நடக்கமாட்டார். பிறகு தூக்குறதும் நான்தான்" என்றார் தங்கராசா அண்ணை. தாரிணி மருந்துவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் அதையே கேட்டேன். "அண்ணை, உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

அவர் மீனுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். "கோவப்படுறதுக்கும் கொஞ்சம் சக்தி வேணும், தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "வட்டுவாகல்ல என்னைத் தடவின கை பாரமான கை. இந்தாளின்ர கைக்குப் பாரமே இல்லை. காய்ச்சல் பாக்கிற மாதிரி இருக்கும். ஆனா இரவு வீட்டை வந்து படுத்தா ரெண்டு கையும் ஒண்டுபோலத்தான் தெரியுது."

ஒரு ஞாயிறு ஹெலன் மத்தியானத்திலேயே வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிடித்த எலுமிச்சைக் கேக் கொண்டுவந்திருந்தாள். நடைகூடத்தில் திரும்பியவள், சாப்பாட்டறை வாசலில் தன் அப்பா தங்கராசா அண்ணையின் இடுப்பைத் தடவிக்கொண்டிருப்பதையும், அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பதையும் கண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் அவள் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். "இது எவ்வளவு காலமாக நடக்கிறது?"

"கொஞ்ச நாளாக."

"நீங்கள் இலங்கைத் தமிழர் என்று தாரிணி சொன்னாள். அங்கே நடந்ததும் எனக்குக் கொஞ்சம் தெரியும்." அவள் கேக் பெட்டியை இன்னும் கையில் வைத்திருந்தாள். "உங்களை அவருக்குப் பக்கத்தில் விட்டிருக்கவே கூடாது. நான் முகாமையாளரோடு கதைக்கிறேன். நீங்கள் இதைச் செய்ய வேண்டியதில்லை."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அடுத்த நாளே தங்கராசா அண்ணையைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எல்லோரும் படுக்கையில் கிடக்கிறவர்கள். புரட்டுவதும் தூக்குவதும்தான் வேலை. அவருடைய நாரி, அந்தக் கீழ்முதுகு, ஏற்கெனவே பழுது. வீட்டுக்கு வந்ததும் குசினி நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுப்பார். அவரைத் தாண்டித்தான் நான் தேத்தண்ணி போட வேண்டும்.

ஜெனரலோ வாசலில் நின்றார். சோதிக்க ஆளில்லை. தாரிணி கை தூக்கிப் பார்த்தாளாம். பெண்களைச் சோதிப்பது அவர் வேலையில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேபாளப் பையன் ஒருவன் தூக்கினான். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஜெனரல் அவனைப் போகவிடவில்லை. அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனால், வாசலைப் பூட்டாமல் சாப்பிட முடியாது என்று தட்டைத் தள்ளிவிட்டார். உடம்பு வற்றத் தொடங்கியது.

ஹெலன் பக்கத்துப் பிரிவுக்கு வந்தாள். தங்கராசா அண்ணை ஒருவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். அவள் கதவடியிலேயே நின்றாள், திரும்பி வாருங்கள் என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல்.

"வாறன்" என்றார் அவர் தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஏன் அண்ணை ஓமெண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நாரி நோகுது" என்றார். அது முழுக் காரணமாகவும் இருக்கலாம்.

பழைய பிரிவுக்குத் திரும்பிப் போன பிறகு இன்னும் இரண்டு கிழமை அவர் கை தூக்கினார். ஒரு வியாழக்கிழமை அவரால் முடியவில்லை. முந்திய நாள் விசா விஷயமாக வழக்கறிஞரைப் பார்க்கப் போய், புதிதாக ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். அன்றிரவு கஜந்தி அழைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்றாள். அம்மாவிடம் கொடு என்றால் கொடுத்துவிட்டாள். வாசலில் ஜெனரல் "கை தூக்கு" என்றபோது தங்கராசா அண்ணையின் கைகள் எழும்பவில்லை. அவர் வீம்புக்கு நிற்கவில்லை. கைகள் எழும்பவில்லை, அவ்வளவுதான் என்றார் என்னிடம்.

"இண்டைக்குச் சோதனை இல்லை, துரை" என்று அவர் சொன்னார். "வேலி கழட்டியாச்சு. எல்லாரும் போகலாம்."

ஜெனரலுக்கு அவ்வளவு தமிழ் விளங்கவில்லை. தங்கராசா அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். வேலியை எடுத்துவிட்டார்கள், வாசல் இனித் திறந்திருக்கும்.

"யார் உத்தரவு?" என்று கேட்டார் ஜெனரல்.

"உங்கள் உத்தரவு, சேர். நீங்கள் இப்போது ஜெனரல்."

கிழவர் அதை வெகுநேரம் யோசித்தார். பின்னால் சக்கரக் கதிரைகள் காத்துநின்றன. "அந்தப் பெண்?" என்றார். "பிள்ளையின் துணிக்குள் அரிசியை முடிந்துகொண்டு போனாளே. நான் அதை அறிக்கையில் எழுதினேன். எழுதத்தான் வேண்டியிருந்தது. சிறைக்கு அனுப்பினார்கள்."

அவள் யார் என்று தங்கராசா அண்ணைக்கு எப்படித் தெரியும்? எழுபது வருடத்துக்கு முந்திய ஒருத்தி. பெயர்கூட ஜெனரல் சொல்லவில்லை.

"அவவும் வீட்டுக்குப் போயிட்டா, சேர்" என்றார்.

"பிள்ளை?"

"பிள்ளையும்."

ஜெனரல் நடைச்சட்டத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு இரண்டு கிண்ணம் கஸ்டர்ட் சாப்பிட்டார்.

இதைச் சொன்ன சனிக்கிழமை தங்கராசா அண்ணை சமைக்கவில்லை. கடையில் வாங்கிய கொத்துரொட்டிப் பொதி பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

"நான் சொன்னது பிழை, தம்பி" என்றார். "அந்தப் பொம்பிளை வீட்டுக்குப் போனாளெண்டு சொல்ல நான் ஆர்? அவளுக்காகவெண்டாலும் அந்தாளை அந்த வாசல்லயே நிக்க விட்டிருக்க வேணும். சாகுமட்டும் நிக்கட்டும் எண்டு விட்டிருக்க வேணும்."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

"இன்னும் நாலு பேருக்கு வாயில தீத்த இருந்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது."

அடுத்த நாள் ஜெனரலுக்கு எல்லாம் மறந்துவிட்டது. மறுபடியும் வாசலில் நின்றார். மறுபடியும் உத்தரவைச் சொல்ல வேண்டியிருந்தது. கை தூக்குவதைவிட அது நேரமெடுத்தது. சில நாள் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டார், சில நாள் கேட்கவில்லை. கேட்கிற நாட்களில் தங்கராசா அண்ணை அதே பொய்யைச் சொன்னார். ஹெலனிடம் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது போதும் என்று நினைத்தாரா, அல்லது இன்னொருவருக்கு விளங்கப்படுத்துகிற தெம்பு இல்லையா, நான் கேட்கவில்லை.

வசந்தம் தொடங்கியபோது ஜெனரலுக்கு நிமோனியா வந்தது. படுக்கையோடு போனபின் வாசலும் வேலியும் இல்லாமல் போயின. கடைசி இரண்டு நாளும் அவர் எந்த மொழியிலும் பேசவில்லை. தங்கராசா அண்ணை உதட்டை நனைத்துவிட்டார், புரட்டிப் படுக்க வைத்தார். ஒரு விடியற்காலை அவர் வேலைக்குப் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

ஹெலன் மரணச் சடங்குக்கு வரச்சொல்லிக் கேட்டாள். வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். என்னிடமிருந்த கறுப்புக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ரெயிலில் போனார். தேவாலயத்தில் பெட்டிக்கு மேல் பிரிட்டிஷ் கொடியும் அதன் மேல் மெடல்களும் இருந்தன. ஓய்வுபெற்ற கேர்ணல் ஒருவர் எழுந்து ஜெனரலின் சேவையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். மலாயாவில் இருபத்தொரு வயதில் காட்டிய கண்டிப்பும் நிதானமும். மேலதிகாரிகளின் பாராட்டு. அதற்கடுத்துக் கென்யா.

தங்கராசா அண்ணை அதற்கு மேலே கேட்கவில்லை. நித்திரையாகிவிட்டார். முந்திய மூன்று நாளும் தொடர்ந்து வேலை, உட்கார்ந்த வாங்கு மெத்தையோடு இருந்தது, உள்ளே வெதுவெதுப்பு. சைப்பிரஸும் ஏடனும் பதவி உயர்வுகளும் பாட்டும் பிரார்த்தனையும் எல்லாம் அவர் தலைக்கு மேலால் போயின.

கண் விழித்தபோது தேவாலயம் வெறுமையாக இருந்தது. பெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து மண்டபத்தில் கோப்பைகளின் சத்தம் கேட்டது. அதே வாங்கின் மறுமுனையில் ஹெலன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் பதறி எழும்பினார். "மன்னியுங்கள், ஹெலன்."

"இருங்கள்" என்றாள். "கேர்ணல் வெகுநேரம் பேசினார். உங்களை எழுப்ப வந்தார்கள், நான்தான் வேண்டாமென்றேன்."

அவள் அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் கைத்தொலைபேசியில் கஜந்தியின் படத்தைக் காட்டினார். பள்ளிச் சீருடையில், முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிற படம்.

"எப்போது வருவார்கள்?"

"தெரியாது."

அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வீட்டுக்கல்ல, வேலைக்குப் போகவேண்டும் என்றார் அவர். பின்னேர முறை. அவள் காரில் கொண்டுபோய் இல்லத்து வாசலில் இறக்கிவிட்டாள். அவர் என்னுடைய கோட்டைக் கழற்றிப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஜெனரலின் அறைக்கு அன்று காலையே ஆள் வந்திருந்தது. பக்கவாதம் வந்த, கட்டட வேலை செய்த ஒரு குரோவேஷிய மேசன். தங்கராசா அண்ணை அவரிடம் போய்த் தன் பெயரைச் சொன்னார். மேசன் விளங்காமல் பார்த்தார். தங்கராசா அண்ணை இன்னொரு தரம், அவசரமில்லாமல் சொன்னார்.